கியர்பாக்ஸைக் கீழே இறக்கும் முன்

நென்மாறாவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறும் மலைப்பாதை. பத்துப் பன்னிரண்டு வயதான ஓர் ஆட்டோமேட்டிக் ஜீப் வகை வண்டி, ஆட்களையும் சாமான்களையும் சுமந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி மலையில் 'தொம்' என்று ஓர் அதிர்வு. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கியர் மாறுவதில்லை. என்ஜின் கத்துகிறது, வேகம் கூடவில்லை, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கிப் பட்டறைக்குப் போனால் காதில் விழும் முதல் தீர்ப்பு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு." பாலக்காடு, பொள்ளாச்சி, போடி, கட்டப்பனை என்று எந்த ஊர்ப் பட்டறையாக இருந்தாலும் இதைக் கேட்கலாம்.

பல நேரங்களில் இது அவசரத் தீர்ப்பு. பழுதானது கியர்பாக்ஸ் ஆகாமல், அதற்கு உத்தரவு கொண்டுபோகும் மின்கம்பியாகவோ, ஒரு கப்ளராகவோ, எர்த் பட்டையாகவோ, நகத்தளவு சென்சராகவோ இருக்கக்கூடும். கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்துச் சேர்க்கும் செலவு, பழைய வண்டி என்றால் அதன் விலையிலேயே பெரும் பங்கை விழுங்கிவிடும். அந்தச் செலவுக்குத் தலையாட்டும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன, ஏன் அவை இந்த மலைகளில் பழுதாகின்றன என்பதே இந்தக் கட்டுரை.

இந்த மலைப்பாதைகள் இருக்கும் கேரளத்தின் பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இடையில் திருச்சூரும் எர்ணாகுளமும் ஆனைமலையின் காடுகளும் கிடக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் தமிழ்நாட்டோடு எல்லை உண்டு. பாலக்காட்டுக்காரர்கள் மூணாறு போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து போவது வழக்கம். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் கிளம்பி, சில மணி நேரத்தில் 1,500 மீட்டர் உயரத்தின் குளிருக்கும் மூடுபனிக்கும் வண்டி வந்து சேர்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். வெப்பமும் குளிரும் ஈரமும் இப்படி மாறி மாறித் தாக்குவதுதான் மின் இணைப்புகளுக்கு மிகப் பெரிய சோதனை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமான தடத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் கையால் கியர் போடும் வண்டிகள். அவற்றில் இந்தச் சிக்கலே கிடையாது. ஆட்டோமேட்டிக் வண்டிகள் எஸ்டேட் வீடுகளிலும், ஏலத்தோட்டக்காரர்களிடமும், இரண்டாம் கை வாங்கி மலையேறும் ஆர்வலர்களிடமும் இருக்கின்றன. இந்தியாவில் இப்போது முதுமையை எட்டியிருக்கும் அத்தகைய வண்டிகளில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று 2008இல் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ ஆட்டோமேட்டிக். அதன் ஆறு வேக கியர்பாக்ஸ் டி.எஸ்.ஐ. என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த நிறுவனம் 2009இல் நொடித்து, சீனாவின் ஜீலி கைக்குப் போனது. மற்றொன்று சாங்யோங் ரெக்ஸ்டன். கொரிய நிறுவனமான சாங்யோங்கை 2011இல் மஹிந்திரா வாங்கியது. 2012இல் ரெக்ஸ்டன் இந்தியச் சாலைக்கு வந்தது. பத்தாண்டுக்குள் அந்த உறவும் முறிந்தது, பின்னர் சாங்யோங் கே.ஜி. குழுமத்திடம் போய்விட்டது. உதிரி பாகம் தேடி அலையும் உரிமையாளர்களுக்கு இந்த வரலாறு வெறும் வணிகச் செய்தி அல்ல.

இரண்டில் ரெக்ஸ்டனை எடுத்துக்கொண்டு பேசுவது எளிது. அதன் ஆர்.எக்ஸ். 7 வகையில் இருந்த ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெர்சிடிஸ் பென்ஸின் வடிவமைப்பு. நிறுவனம் வைத்த எண் 722.6. தொண்ணூறுகளின் நடுவில் அறிமுகமான இது பென்ஸ் கார்களிலும், ஜீப் கிராண்ட் செரோக்கியிலும், போர்ஷே 911 டர்போவிலும்கூட ஓடியது. உலகெங்கும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தன் பலங்களையும் பலவீனங்களையும் காட்டிவிட்ட கியர்பாக்ஸ். இதன் உள்ளே இருக்கும் பல்லிணைகள் எளிதில் தேய்வதில்லை. தொல்லை கொடுப்பவை அதைச் சுற்றியுள்ள மின்பொருள்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் மின்சாரத்துக்கு என்ன வேலை? பழைய வடிவங்களில் வேலையே இல்லை. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களோடு விற்பனைக்கு வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா மேட்டிக், எண்ணெய் அழுத்தத்தையும் விசைச்சுருள்களையும் கொண்டே எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்தது. 722.6 போன்றவற்றில் முடிவெடுப்பது ஒரு கணினிப் பெட்டி. என்ஜின் எவ்வளவு சுற்றுகிறது, சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, எண்ணெய் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்டறிந்து, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆறு சோலினாய்டுகளுக்கு அது மின்சாரம் அனுப்புகிறது. சோலினாய்டு என்பது கம்பிச்சுருளும் அதற்குள் நகரும் ஒரு முளையும். மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி முளையை இழுக்கும், எண்ணெய் போகும் வழி திறக்கும் அல்லது மூடும். அந்த எண்ணெய் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும். மூன்று சோலினாய்டுகள் கியர் மாற்றத்துக்கு, இரண்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க, ஒன்று, என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்ட. தசை எல்லாம் எண்ணெய், நரம்பு மட்டும் மின்சாரம்.

இந்த வடிவமைப்பில் மிக அறிவார்ந்த பகுதி, மின்சாரம் இல்லாமல் போனால் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருப்பதுதான். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டுகள் தலைகீழாக வேலை செய்பவை. மின்சாரம் கூடினால் எண்ணெய் அழுத்தம் குறையும். மின்சாரம் அறவே நின்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கம்பி அறுந்துவிட்டால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகக் கூடாது, முழு பலத்தோடு இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இப்படி. கணினிக்குச் சந்தேகம் வந்தால் முதலில் அப்போதிருக்கும் கியரிலேயே நின்றுவிடும். வண்டியை நிறுத்தி, பி-யில் போட்டு, சாவியை அணைத்து மறுபடி கிளப்பினால், பழுது நீங்காதவரை இரண்டாம் கியரும் ரிவர்ஸும் மட்டும் கிடைக்கும். இதைத்தான் பட்டறைகளில் லிம்ப் மோட் என்கிறார்கள். அப்போது டி-யில் போடும்போது கேட்கும் 'தொம்' ஓசை பல் உடைந்த ஓசை அல்ல. உச்ச அழுத்தத்தில் கிளட்ச் பிடிக்கும் ஓசை. கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டியது இதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சுற்று ஏறுகிறது, வண்டி நகரத் தயங்குகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தால், அதில் உலோகச் சீவல் மின்னினால், பழுது இயந்திரத்தில்தான். அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். மாறாக, வண்டி ஒரே கியரில் உறுதியாகப் பிடித்து ஓடுகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சிறிது தூரம் எல்லாக் கியரும் ஒழுங்காக விழுகிறது, பிறகு மேட்டிலோ குழியிலோ மீண்டும் பூட்டிக்கொள்கிறது என்றால், மின்சாரத்தின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். தேய்ந்த கிளட்ச் சாவியைத் திருப்பினால் குணமாவதில்லை.

ரெக்ஸ்டனும் அதே கியர்பாக்ஸ் உள்ள மற்ற வண்டிகளும் வந்தால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் நேராக அடியில் படுத்து ஒரு கப்ளரைக் கழற்றுவார். கியர்பாக்ஸின் பக்கவாட்டில், 13 பின்கள் கொண்ட வட்டமான கப்ளர் அது. கையால் திருகினால் பூட்டு விடும். உள்ளிருக்கும் சோலினாய்டுகள், சென்சர்கள் அனைத்துக்குமான மின்சாரம் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. அது கியர்பாக்ஸின் உடலைத் துளைத்துச் செல்லும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க இரண்டு ரப்பர் ஓ-ரிங்குகள் இருக்கின்றன. பல ஆண்டுச் சூட்டில் ரப்பர் இறுகி, நெகிழ்வை இழந்து, எண்ணெயைத் தடுக்க முடியாமல் போகிறது. கப்ளருக்குள் எண்ணெய் வருகிறது. அங்கே நின்றுவிட்டால் பெரிய கேடில்லை. ஆனால் கம்பி என்பது மெல்லிய செப்பு இழைகளின் முறுக்கு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நுண்புழை விசையால் எண்ணெய் ஏறுகிறது. வண்டி சூடாகிக் குளிரும்போதெல்லாம் கம்பி உறைக்குள் இருக்கும் காற்று விரிந்து சுருங்கி அதற்கு மேலும் உந்துதல் தருகிறது. மாதங்கள் போனால் எண்ணெய் கம்பி வழியாகவே நடந்து கணினிப் பெட்டிக்குள் இறங்கிவிடும்.

கியர் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. பிறகு ஏன் கெடுதி? அது தனியாக வருவதில்லை. தேய்ந்த கிளட்ச் தூசியையும் நுண்ணிய இரும்புத் துகளையும் சுமந்து வருகிறது. அந்த மாசு பின்களுக்கிடையே படிந்து, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மெல்லிய மின்பாதையை உண்டாக்குகிறது. சென்சரிலிருந்து வரும் சின்னஞ்சிறு சமிக்ஞை அதில் திரிகிறது. சோதிப்பது எளிது. கியர்பாக்ஸ் முனையில் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், ஈரமா? பிறகு கணினி முனையில் கப்ளரைக் கழற்றுங்கள், அங்கும் ஈரமா? கண்டுபிடிக்க விரல் நுனியும் வெள்ளைத் துணியும் போதும். ஓ-ரிங்கோடு வரும் அந்த பிளக்கை மாற்றி, இரு முனைகளையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலர விட வேண்டும். கம்பிக்குள் தங்கிய எண்ணெய் சில வாரங்களுக்கு ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் மறுபடி ஒருமுறை கழற்றித் துடைப்பது அவசியம். ஒருமுறை துடைத்தும் சரியாகவில்லை என்று கைவிடுகிறவர்கள் இந்த இரண்டாம் துடைப்பைத்தான் மறக்கிறார்கள். எண்ணெய் கணினியைத் தொட்டிருந்தால்கூடப் பல பெட்டிகள் சுத்தம் செய்தபின் பிழைத்துக்கொள்கின்றன.

கப்ளர் உலர்ந்திருக்கிறது, ஆனாலும் பழுது தொடர்கிறது என்றால் அடுத்த பார்வை உள்ளிருக்கும் கண்டக்டர் பிளேட்டின் மேல். எண்ணெய் வழிகள் அமைந்த வால்வு பாடியின் மேல் உட்காரும் பிளாஸ்டிக் தகடு அது. சோலினாய்டுகளுக்கான மின்பாதைகளும் இரண்டு வேக சென்சர்களும் அதில் இருக்கின்றன. என்2, என்3 என்று அந்தச் சென்சர்களுக்குப் பெயர். இவை கியர்பாக்ஸின் முன் பல்லிணைத் தொகுதியின் இரு வேறு பகுதிகள் சுற்றும் வேகத்தைக் கணக்கிடுகின்றன. இரண்டு, மூன்று, நான்காம் கியர்களில் அந்தத் தொகுதி ஒட்டுமொத்தமாகப் பூட்டிச் சுழல்வதால் இரு சென்சர்களும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். முதல், ஐந்தாம் கியர்களில் தொகுதியின் நடுவிலுள்ள சூரியப் பல்லிணை நிறுத்திப் பிடிக்கப்படுவதால் என்2 சுழியம் காட்ட வேண்டும். இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் கணினி நம்பிக்கை இழந்து லிம்ப் மோடுக்குப் போகும். லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் இருந்தால் இதை ஓட்டும்போதே கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் கியரில் ஒரு சென்சர் 2,000 என்றும் மற்றது திடீரென்று 0 என்றும் சொன்னால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

இங்கேதான் மலை உள்ளே வருகிறது. ஆளும் சாமானும் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கும். எண்பது, தொண்ணூறு டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய் நூற்றிருபதைத் தாண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால், சென்சரின் உள் இணைப்பில் இருக்கும் மயிரிழை விரிசல் வாய் திறக்கிறது. சமிக்ஞை அறுகிறது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணும் இல்லையே சார்" என்று அனுப்பி வைப்பார்கள். அடுத்த வாரம் அதே மலையில் அதே இடத்தில் மீண்டும் நிற்கும். சூட்டில் வரும் பழுதைச் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். ஸ்கேனரை மாட்டி, மலையேறி, பழுது வரும்வரை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழியில்லை.

சோலினாய்டுகளை மல்டிமீட்டர் கொண்டே அளக்கலாம். குளிர்ந்த நிலையில் கியர் மாற்றும் சோலினாய்டுகள் ஏறத்தாழ 4 ஓம், அழுத்தச் சோலினாய்டுகள் 5 ஓம், கன்வெர்ட்டர் பூட்டு இரண்டரை ஓம் காட்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். இருபது டிகிரியில் 4 ஓம் உள்ள சுருள் நூறு டிகிரியில் 5.25 ஓம் ஆகும். அது இயல்பு, பழுது அல்ல. தடை முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. மிகக் குறைவாகக் காட்டினால் சுருளுக்குள் ஷார்ட். ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கியர்பாக்ஸில் எண்ணெய்ச் சூட்டை அளக்கும் சென்சரும், பி, என் நிலைகளை அறிவிக்கும் ஒரு சிறு சுவிட்சும் ஒரே கம்பியில் தொடர் இணைப்பில் இருக்கின்றன. பி-யிலும் என்-னிலும் அந்தச் சுவிட்ச் திறந்திருக்கும். தெரியாதவர் வண்டியை பி-யில் வைத்து அளந்துவிட்டு, சென்சர் அறுந்துவிட்டது என்று தகட்டையே மாற்றச் சொல்வார். டி-யில் போட்டு அளந்தால் உண்மை தெரியும். தகட்டை மாற்றத்தான் வேண்டும் என்றாலும், அதற்கு கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் தட்டையும் வால்வு பாடியையும் அடியிலிருந்தே கழற்றினால் போதும்.

இன்னொரு சந்தேகத்துக்குரியவர் கியர்பாக்ஸுக்கு வெளியே, சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிறார். வண்டி உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள இந்த வடிவமைப்பு ஏ.பி.எஸ். சக்கர சென்சர்களின் கணக்கைக் கடன் வாங்குகிறது. சேற்றுத் தடத்தில் ஓடும் வண்டியில் பிரேக் தட்டு தேய்ந்த இரும்புத் தூசி அந்தச் சென்சரின் காந்த முனையில் அப்பிக்கொள்ளும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சென்சர் கம்பி மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே அறுந்துபோகும். கியர் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால், கியர்பாக்ஸை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் என்ற இரட்டைக் கம்பியையும் எளிதாகச் சோதிக்கலாம். அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு கோடி அறுந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தடங்கள் பாதி ஓடைகளாகவே இருக்கும். ஓடையைக் கடந்தால் கப்ளர் நனையும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மலையேறிய கியர்பாக்ஸின் உள்ளே காற்று 90 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் அது 25 டிகிரிக்கு வரப் பார்க்கும். மூடிய இடத்துக்குள் காற்றின் அழுத்தம் கெல்வின் அளவைக்கு ஏற்ப 363-லிருந்து 298-க்குச் சரியும். அதாவது ஏறத்தாழ 18 சதவீதம். வெளியே உள்ள வளிமண்டலம் அந்த வெற்றிடத்தை நிரப்பத் தள்ளும். மூச்சுவிடும் குழாயான பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால், அல்லது அதன் முனையே நீருக்குள் மூழ்கியிருந்தால், வழி கிடைத்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும். இறுகிப்போன ஓ-ரிங்கும் கப்ளரின் ரப்பர் விளிம்பும் அந்த வழிகள். ஓடையில் இறங்கும் முன் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும், பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டிக் கட்டுவதும் இதனால்தான் பயனுள்ளவை. தண்ணீர் கலந்த கியர் எண்ணெய் பாலூற்றிய இளஞ்சிவப்பாக மாறும். அதில் ஓட்டினால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் காகித உறை ஊறிக் கழன்றுவிடும். அப்போது மின்பழுது இயந்திரப் பழுதாகவே ஆகிவிடும்.

ஈரம் புகுந்த செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. கல் தடத்தில் இடைவிடாத அதிர்வில் கப்ளரின் ஆண் பெண் முனைகள் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் உரசலிலும் மேற்பூச்சு சுரண்டப்பட்டு ஆக்சைடு தூளாகச் சேரும். முனை பளபளப்பாகத் தெரியும், தொடர்பு மட்டும் விட்டுவிட்டு வரும். கப்ளரைக் கழற்றி மாட்டினாலே சில நாள் சரியாகிவிடும் வண்டிகளின் ரகசியம் இதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். கான்டாக்ட் கிளீனர், மென்மையான தூரிகை, முனைகள் தளர்ந்திருந்தால் இறுக்குவது, அவ்வளவே தேவை.

இத்தனைக்கும் முன்பாகவே பார்க்க வேண்டியது பேட்டரியும் எர்த்தும். என் கணிப்பில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அந்தச் சில நொடிச் சரிவிலேயே கியர் கணினி குழம்பிப் பிழைக் குறியைப் பதிவு செய்யும். எர்த் கதை இன்னும் நுட்பமானது. மழையில் துருப்பிடித்த எர்த் பட்டையில் அரை ஓம் தடை சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 12 வோல்ட்டில் 4 ஓம் சோலினாய்டுக்கு 3 ஆம்பியர் கிடைக்க வேண்டும். அரை ஓம் சேர்ந்ததும் 2.67. கியர்பாக்ஸ் சூடாகி, சுருள் 5.25 ஓம் ஆனதும் 2.09. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. முளை தயங்கும், கியர் தாமதமாக விழும், கணினி பிழை என்று முடிவு கட்டும். இத்தனையும் நடக்கும்போது, கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் கம்பீரமாகக் காட்டும். மின்னோட்டம் பாயாதபோது தடையில் இழப்பு இல்லை. ஒரே ஓர் இழை மட்டும் மிச்சமிருக்கும் கம்பியும் அந்தச் சோதனையில் தேறிவிடும். பாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 21 வாட் பிரேக் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினும் ஹெட்லைட்டும் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையே வோல்ட் அளந்தால் 0.2-ஐத் தாண்டக் கூடாது. கணினி இருக்கும் வண்டியில் டெஸ்ட் லாம்பை மின்சப்ளை, எர்த் கம்பிகளில் மட்டும் வைக்க வேண்டும். சென்சர் கம்பியில் வைத்தால் கணினியே பழுதாகும்.

பழைய வண்டிகளில் பின்னால் சேர்த்த வேலைகளும் சேர்ந்துகொள்ளும். ஃபாக் லாம்பு, எல்.இ.டி. பட்டை, வின்ச் ஆகியவற்றுக்காக ஏதோ ஒரு கம்பியைச் சீவி முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். அவற்றைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது நல்லது. பம்பர் கார்டோ கேரியரோ வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றாமல் விட்டதால் கணினி போன வண்டிகளும் உண்டு. 'வாட்டர் சர்வீஸ்' என்ற பெயரில் அடியில் பீய்ச்சும் அழுத்த நீர் ஓடையைவிட ஆபத்தானது. அது ரப்பர் விளிம்பைத் தாண்டி நேராகக் கப்ளருக்குள் போகும். எஸ்டேட் ஷெட்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் எலி கம்பியைக் கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வேறெதையும் பார்ப்பது வீண்.

கியர் லீவர் பி-யிலிருந்து நகரவே மறுத்தால், பிரேக் மிதிக்கும்போது பின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் மிதித்ததாகத் தகவல் வந்தால்தான் லீவரின் பூட்டு விடும். பழுது ஒரு சிறு சுவிட்சாகவோ ஃபியூஸாகவோ இருக்கலாம். பல வண்டிகளில் லீவர் அருகே ஒரு சிறு துளை உண்டு, அதற்குள் ஸ்குரூடிரைவரை அழுத்திப் பூட்டை விடுவிக்கலாம். தேயிலை நாட்டில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீவரின் அடியில் இருக்கும் சுவிட்ச் பலகையில் தேநீர் கொட்டினால், சர்க்கரை காய்ந்து ஒட்டி, எந்த நிலையில் லீவர் இருக்கிறது என்றே கணினிக்குத் தெரியாமல் போகும்.

ஸ்கேனர் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான ஸ்கேனர்கள் என்ஜின் கணினியோடு மட்டும் பேசும். பி0700 என்று காட்டினால் 'கியர் கணினியிடம் கேள்' என்பதுதான் பொருள், பழுது இன்னதென்று அது சொல்லவில்லை. பி0715 என்றால் வேக சென்சரின் மின்சுற்றில் சிக்கல். சுற்று என்பதைக் கவனிக்க வேண்டும். சென்சர், கம்பி, கப்ளர், அதற்குப் போகும் மின்சப்ளை எல்லாம் அதில் அடக்கம். குறியைப் படித்த கையோடு உதிரி பாகத்துக்கு ஆர்டர் போடுவது சோதனை ஆகாது.

மலையிலேயே வண்டி பூட்டிக்கொண்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பி-யில் போட்டு, சாவியை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மறுபடி கிளப்பியும் இரண்டாம் கியர் மட்டுமே கிடைத்தால், ஆட்களை இறக்கிப் பாரத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டலாம். இறக்கத்தில் இரண்டாம் கியர் என்ஜின் பிரேக்கிங்குக்கு ஏற்றதே. நான்கு சக்கரமும் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்க மட்டும் விடாதீர்கள். கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது என்ஜின். அது ஓடாதபோது சக்கரம் உருண்டால் உள்ளே எண்ணெய் போகாமல் எல்லாம் உரசிக் கெடும். மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள்.

பட்டறையில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். பேட்டரியையும் எர்த்தையும் பாரம் கொடுத்து அளந்தீர்களா? 13 பின் கப்ளரைக் கழற்றிப் பார்த்தீர்களா? சக்கர சென்சர் நான்கும் ஒரே வேகம் காட்டுகின்றனவா? வண்டி சூடான பிறகு ஸ்கேனர் மாட்டி ஓட்டினீர்களா? நான்குக்கும் ஆம் என்று பதில் வரும்வரை, ஸ்பேனரை எடுக்க அனுமதி கொடுக்காதீர்கள்.